முற்றம் வைத்து வீடு கட்டிய ஜோசப் ஐக்லர்

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சன்னிவேல் நகரில் நம் மகள் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கியிருந்தோம். மாலையில் நடந்து செல்லும் வழியில் ஒரு தெரு முழுவதும் மாடியில்லாத தாழ்ந்த வீடுகளாகவே இருந்தன. தெருப்பக்கம் சன்னல்கள் மிகக் குறைவு. வெறும் பலகைச் சுவரும், கார் நிறுத்தும் கொட்டகையின் கதவுமே கண்ணில் பட்டன. முதற்பார்வையில் அவை நம்மைக் கவரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவ்வீடுகளில் ஒன்றில் நம் வயதொத்த அம்மையார் ஒருவர் வாழ்ந்து வந்தார். நாள்தோறும் கண்டு பழகியதால் ஒருநாள் உள்ளே அழைத்தார். வாயிற்கதவைத் திறந்ததும் வியப்புற்றோம். கதவுக்குப் பின்னே கூடத்தைக் காணோம்; வானம் பார்த்த முற்றமே இருந்தது. அதைச் சுற்றிலும் கண்ணாடிச் சுவர்கள். அவற்றின் வழியே கூடமும், கூடத்தைத் தாண்டிக் கொல்லைத் தோட்டமும் தெரிந்தன. முற்றத்துச் செடிகளின் நடுவே நின்றபோது, நம் பிறந்த ஊர் வீட்டின் நினைவு வந்துவிட்டது.

அது தம் பெற்றோர் வாங்கிய வீடு என்றும், தாம் சிறுமியாக வளர்ந்த நாள் முதல் அதில் எதையும் மாற்றவில்லை என்றும் அவர் கூறினார். வண்ணம் பூசாத மகோகனிப் பலகைச் சுவர்களும் உருண்டையான வெண்ணிற விளக்குகளும் அன்றிருந்தவாறே இருந்தன. இத்தகைய கைபடாத வீட்டை நாடி வீட்டுத் தரகர்கள் ஓயாமல் கடிதம் அனுப்புகிறார்களாம். பழைய வீட்டுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று வினவினோம். அவர் அவ்வீட்டைக் கட்டியவரின் பெயரைச் சொன்னார். அன்று தொடங்கி, ஜோசப் ஐக்லர் என்னும் அம்மனிதரின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அதனை இவ்விதழின் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வெண்ணெய் வணிகர்

ஜோசப் லியோபோல்டு ஐக்லர் 1900ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் கற்றார். லில்லியன் என்னும் நங்கையை மணந்து இரு ஆண்மக்களைப் பெற்றார். மனைவியின் குடும்பத்தார் வெண்ணெயும் முட்டையும் மொத்தமாக விற்கும் வணிகம் நடத்தி வந்தனர். அவ்வணிகத்தின் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் பொருட்டு 1920களில் சான் பிரான்சிஸ்கோ பகுதிக்கு வந்து சேர்ந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அத்தொழிலிலேயே கழிந்தன. கட்டடக்கலை பயின்றவர் அல்லர். செங்கல்லைத் தொட்டு வேலை செய்தவரும் அல்லர். நடுவயதை எட்டிய ஒரு வணிகர், அவ்வளவே.

அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு வாடகை வீடு.

ஹில்ஸ்பரோவில் வாழ்ந்த நாட்கள்

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஹில்ஸ்பரோ என்னும் ஊரில், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வரைந்து கொடுத்த வீடு ஒன்று உண்டு. பேசட் இல்லம் என்பது அதன் பெயர். 1940ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட அவ்வீட்டில் ஐக்லர் குடும்பம் 1943 முதல் சில ஆண்டுகள் வாடகைக்கு இருந்தது. தேனடையைப் போன்ற அறுகோண அமைப்பும், மரச் சுவர்களும், தோட்டத்தை நோக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவுகளும் கொண்ட வீடு அது. காலையில் எந்தப் பக்கம் ஒளி விழுகிறது, மாலையில் எங்கே நிழல் படிகிறது என்பதையெல்லாம் அங்கே வாழ்ந்து அறிந்தார் ஐக்லர். நூலைப் படித்துப் பெறும் அறிவு வேறு, ஒரு வீட்டில் உண்டு உறங்கிப் பெறும் அறிவு வேறு என்பதை ஆசிரியத் தொழிலில் இருந்த நாம் நன்கு உணர்வோம். இத்தகைய வீடு செல்வர்க்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டுமா என்னும் எண்ணம் அவருள் வேரூன்றிற்று.

அக்காலத்தில் இரண்டாம் உலகப் போர் முடிந்து இலட்சக்கணக்கான வீரர்கள் திரும்பியிருந்தனர். இளங்குடும்பங்கள் பெருகின, வீடுகளுக்குப் பெருந்தட்டுப்பாடு. குடும்ப வணிகமும் முடிவுற்றிருந்த நிலையில், 1947ஆம் ஆண்டில், தம் 47ஆம் வயதில், ஐக்லர் வீடு கட்டும் தொழிலில் இறங்கினார். முதலில் கட்டியவை எல்லாரும் கட்டியதைப் போன்ற எளிய வீடுகளே. பின்னர் இராபர்ட் ஆன்ஷென் என்னும் கட்டடக் கலைஞரைத் துணைக்கு அமர்த்தினார். விற்பனைக்கென வரிசையாகக் கட்டப்படும் சிறுவீடுகளுக்குத் தேர்ந்த கலைஞரைக் கொண்டு வரைபடம் வரைவிப்பது அந்நாளில் மிக அரிது. ஆன்ஷென் - ஆலன் நிறுவனத்தைத் தொடர்ந்து குவின்சி ஜோன்ஸ், ஃபிரெடரிக் எம்மன்ஸ், கிளாட் ஓக்லண்டு முதலியோரும் அவருக்காக வரைந்தனர். தொடக்கத்தில் சன்னிவேலில் எழுந்த வீடுகள் பத்தாயிரம் டாலருக்கும் குறைவான விலையில், சாதாரண மாதச் சம்பளக்காரர்களும் கடன் பெற்று வாங்கும் வகையில் விற்கப்பட்டன.

வீட்டின் அமைப்பு

ஐக்லர் வீட்டின் சிறப்பை அன்பர்கள் விளங்கிக்கொள்ளச் சற்று விரித்துரைப்போம். கூரையின் சுமையைச் சுவர்கள் தாங்குவதில்லை. மரத் தூண்களும் அவற்றின்மேல் படுத்த நீண்ட உத்திரங்களும் தாங்குகின்றன. ஆதலால் கொல்லைப்பக்கச் சுவர் முழுவதையும் தரை முதல் கூரை வரை கண்ணாடியாக வைக்க முடிந்தது. உத்திரங்களையும் கூரைப் பலகைகளையும் மூடி மறைக்காமல் கண்ணுக்குத் தெரியும்படி விட்டனர். தரை கான்கிரீட், அதனுள் வெந்நீர்க் குழாய்களைப் புதைத்து, குளிர்நாட்களில் தரையே இதமாகச் சூடேறும்படி செய்தனர். உட்சுவர்களில் வண்ணம் பூசாத மகோகனிப் பலகைகள். சமையலறை ஒரு மூலையில் ஒடுங்கியிராமல் கூடத்தோடு இணைந்திருந்தது; தாய் சமைத்துக்கொண்டே பிள்ளைகளைக் கவனிக்கலாம். 1950களின் பிற்பகுதியிலிருந்து வானம் பார்த்த முற்றமும் பல வீடுகளில் இடம்பெற்றது.

தெருவில் செல்வோர் மெச்சும்படி முகப்பை அலங்கரிக்கவில்லை. அழகையெல்லாம் உள்ளே வாழ்வோருக்கென வைத்தனர். நாம் முதலில் அவ்வீடுகளைக் குறைவாக மதித்ததற்குக் காரணமும் இதுவே.

பாலோ ஆல்டோ நகரில் 1950களின் நடுவில் எழுந்த கிரீன்மெடோ குடியிருப்பில் வீடுகளோடு பொதுக்கூடமும் நீச்சல் குளமும் அமைத்தார். கலிபோர்னியாவில் அவர் நிறுவனம் கட்டிய வீடுகள் மொத்தம் ஏறத்தாழ 11,000 ஆகும்.

யாருக்கு விற்பது?

இனி, அவர் வரலாற்றில் தலையாய பகுதிக்கு வருவோம்.

அந்நாளைய அமெரிக்காவில் பணம் இருந்தால் மட்டும் வீடு வாங்கிவிட முடியாது. இன்னின்ன இனத்தாருக்கு இவ்வீட்டை விற்கலாகாது என்று பத்திரத்திலேயே எழுதி வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. கறுப்பின மக்களும் ஆசியரும், சில இடங்களில் யூதரும் இவ்வாறு விலக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் வாயிலாக நிறைவேற்ற இயலாது எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் நடைமுறை மாறவில்லை. கடன் கொடுப்போரும் தரகரும் கட்டுவோரும் ஒருவரையொருவர் காரணம் காட்டி, பழைய வழக்கத்தையே தொடர்ந்தனர். ஓர் ஆசியக் குடும்பத்தையோ கறுப்பினக் குடும்பத்தையோ சேர்த்தால் அத்தெருவின் விலை வீழ்ந்துவிடும் என்னும் அச்சத்தை வணிக அறிவாகவே கருதினர்.

ஐக்லர் இதனை ஏற்கவில்லை. 1950களிலேயே விலையைச் செலுத்த வல்ல எவர்க்கும் வீடு விற்பது என்னும் நெறியைக் கைக்கொண்டார். ஆசியருக்கு விற்றார், கறுப்பினத்தாருக்கும் விற்றார். அண்டை வீட்டார் சிலர் சினந்து முறையிட்டனர். அவர்களுடைய வீட்டைத் தாமே திரும்ப வாங்கிக்கொள்ள ஆயத்தமாக இருப்பதாக அவர் அறிவித்தார் என்பர். 1958ஆம் ஆண்டில், வேற்றுமை காட்டாத விற்பனைக்கு ஆதரவளிக்க மறுத்த தேசிய வீடு கட்டுவோர் சங்கத்திலிருந்து விலகினார். தம் தொழிலின் பெரிய சங்கத்தையே பகைத்துக்கொள்வது வணிகர் ஒருவருக்கு எளிய செயலன்று. நாடு முழுமைக்கும் வீட்டு விற்பனையில் இனவேற்றுமையைத் தடைசெய்யும் சட்டம் 1968ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத நிலையில், அவர் அவ்வாறு நடந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நம் இல்லங்களிலும் இன்று அந்நாட்டில் பிள்ளைகள் வாழும் பெற்றோர் பலர் உளர். அவர்கள் விரும்பிய தெருவில் வீடு வாங்கிப் புதுமனை புகுகிறார்கள். நாமும் சென்று விளக்கேற்றி வருகிறோம். 1940களில் சென்றிருப்பின் அத்தெருக்களில் பலவற்றில் அவர்களுக்கு இடமிருந்திருக்காது. அக்கதவுகள் தாமாகத் திறந்துவிடவில்லை. இழப்புக்கு அஞ்சாமல் சிலர் முன்வந்து திறந்தார்கள்.

சரிவு

1960களில் ஐக்லர் சான் பிரான்சிஸ்கோ நகரினுள் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்பத் துணிந்தார். மிகுந்த மூலதனம் தேவைப்பட்ட அப்பணிகள் அவர் நிறுவனத்தைக் கடனில் ஆழ்த்தின. 1966இல் நிறுவனம் கைமாறிற்று, 1967இல் திவாலாயிற்று. முதுமையின் வாயிலில் நின்ற அவர் சோர்ந்து அமரவில்லை. சிறிய அளவில் மீண்டும் வீடுகள் கட்டினார். 1974ஆம் ஆண்டில் காலமானார். பெருஞ்செல்வம் ஏதும் குவித்துவிட்டுச் செல்லவில்லை.

கைபடாத வீடுகள்

அவர் மறைவுக்குப் பின் இவ்வீடுகளின் மதிப்பு மங்கிற்று. குறைகளும் இல்லாமல் இல்லை. ஒற்றைக் கண்ணாடி குளிரைத் தடுக்கவில்லை. தட்டைக் கூரை ஒழுகிற்று. தாமிரம் கிடைக்காத காலத்தில் புதைத்த இரும்புக் குழாய்கள் துருப்பிடித்தன. ஆகவே உரிமையாளர் பலர் தத்தம் விருப்பப்படி மாற்றினர். மகோகனிப் பலகைக்கு வெள்ளை வண்ணம் பூசினர். முற்றத்தைக் கூரையிட்டு மூடினர். சிலர் மாடி எழுப்பினர். ஒரு வீட்டின் மேல் மாடி எழுந்தால், அடுத்த வீட்டின் கண்ணாடிச் சுவர் அதன் பார்வைக்கு இலக்காகிவிடும். அண்டை வீட்டார் எட்டிப் பார்க்க மாட்டார் என்னும் நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை அன்றோ அவ்வீடுகள்! எனவேதான் பாலோ ஆல்டோவில் சில தெருக்களின் மக்கள் தாமே ஒன்றுகூடி, மாடி கட்டலாகாது என்னும் விதியை நகராட்சியிடம் கேட்டுப் பெற்றனர். 2005ஆம் ஆண்டில் அந்நகரின் கிரீன் கேபிள்ஸ், கிரீன்மெடோ என்னும் இரு குடியிருப்புகளும் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன.

இன்று நிலைமை தலைகீழாயிற்று. எவரும் கைவைக்காத வீட்டைத் தேடி அலைகின்றனர். பூசிய வண்ணத்தைச் சுரண்டியெடுத்துப் பழைய பலகையை மீட்போரும், மூடிய முற்றத்தை மீண்டும் திறப்போரும் உளர். எளிய குடும்பங்களுக்கென எழுந்த அவ்வீடுகள் இப்போது பல இலட்சம் டாலருக்கு விற்கப்படுவதும், ஆசிரியரும் தொழிலாளரும் அவற்றை எட்ட இயலாமல் போனதும் வருந்தத்தக்கவை. ஐக்லர் எண்ணியது இதுவன்று.

எனினும், கைபடாத வீட்டைக் காத்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தோம். பெரும்பாலும் கலைப்பொருள் சேகரிக்கும் செல்வர்களல்லர். முதலில் வாங்கி, அதிலேயே பிள்ளைகளை வளர்த்து, அதுவே போதுமென்று வாழ்ந்த குடும்பங்களே. நாம் கண்ட அம்மையாரும் அத்தகையவர். அவர் சிறுமியாக இருந்தபோது அத்தெருவில் சீனக் குடும்பமும் ஜப்பானியக் குடும்பமும் இருந்தனவாம். வேற்றுமை என ஒன்று உண்டென்பதே தமக்குப் பள்ளியில் பெரிய வகுப்புக்குச் சென்ற பின்னரே தெரிந்தது என்றார். அதைச் சொல்லும்போது முற்றத்தின் கண்ணாடிக் கதவை நகர்த்தித் திறந்துவிட்டார். மாலைக் காற்று கூடத்தினுள் வந்தது.

விடைபெற்று வெளியே வந்து அத்தெருவை மீண்டும் ஒருமுறை பார்த்தோம். ஒன்றைவிட ஒன்று உயர்ந்து நில்லாத கூரைகள், ஒரே வரிசையாக. முன்பு நமக்கு எளிமையாகத் தோன்றிய அவ்வரிசையின் பொருள் அன்று விளங்கிற்று. நம் பேரப்பிள்ளைகள் அவ்வழியே மிதிவண்டியில் செல்லும்போது, ஜோசப் ஐக்லர் என்னும் பெயரையும் அறிந்திருத்தல் நன்று.