சட்டம் சமைத்த மருத்துவர்

ஒருவர் உள்ளத்தில் எழும் அறச்சீற்றம் நாட்டின் சட்டமாக உருப்பெறுவதற்குள் பல வாயில்களைக் கடக்க வேண்டியுள்ளது. தீர்மானம், மசோதா, பொதுமக்கள் கருத்தறிதல், வாக்கெடுப்பு எனத் தொடரும் அவ்வாயில்கள் ஒவ்வொன்றையும் பொறுமையோடு தட்டியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நிலவிய குலம் அது. அவ்வழக்கத்தின் துயரை அம்மையார் நூல்களில் படித்து அறியவில்லை. தாய்வழி உறவில் கண்டறிந்தார். ஆடவர் மட்டுமே பயின்ற கல்லூரியில், மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆதரவால் இடம் பெற்றார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற 1925இல் இங்கிலாந்து சென்றார்.

அந்நாளில் சென்னை மாகாணத்தில் இரட்டையாட்சி நடைபெற்றது. கல்வி, சுகாதாரம் முதலியன சட்டசபைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் இருந்தன. நிதி, காவல் முதலியவற்றை ஆளுநர் தம் நிர்வாகக் குழுவின் துணையோடு நடத்தினார். சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்குரிமை இருந்தது. அந்த எல்லைக்குள் ஆணுக்கு நிகராகப் பெண்ணும் வாக்களிக்கலாம் என்று 1921இல் வழிகாட்டியது சென்னை மாகாணமே. எனினும் 1926 தேர்தலில் மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்தியாயா சொற்ப வாக்குகளில் தோல்வியுற்றார். பெண்ணொருத்தியேனும் சபையில் அமர வேண்டும் என்று, 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம் வற்புறுத்தியது. அதன் பயனாக அம்மையார் நியமன உறுப்பினரானார். மருத்துவப் பணி தடைப்படுமே என்று முதலில் தயங்கியவர், பின்னர் இசைந்தார்.

அவருக்குத் தொகுதி இல்லை. பின்னால் நிற்கக் கட்சி இல்லை. வாதத் திறன் ஒன்றே துணை. ஆயினும் 1927இல் சபையினர் அவரைத் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தனர்.

அவ்வாண்டு நவம்பரில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொணர்ந்தார். அது நிறைவேறியது. ஆனால் தீர்மானம் என்பது அரசுக்குச் சபை செய்யும் பரிந்துரையே. எவரையும் கட்டுப்படுத்தும் ஆற்றல் அதற்கில்லை. இதை உணர்ந்த அம்மையார் அடுத்த படியில் கால் வைத்தார். கோயில் பணிக்கென விடப்பட்ட மானிய நிலமே பெண்களைத் தலைமுறை தலைமுறையாக அவ்வழக்கத்தில் பிணைத்திருந்தது. நிலம் பறிபோகுமே என்ற அச்சத்தால் குடும்பத்தில் ஒருத்தி பலியாக நேர்ந்தது. எனவே இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, பணிக்கடன் நீங்கினும் நிலம் அவர்களிடமே நிலைக்க வழி செய்தார். இத்திருத்தம் 1929இல் நிறைவேறியது. குற்றம் என்று அறிவிக்கும் முன் வயிற்றுக்கு வழி செய்த இம்முறையில், நோயின் வேரை நாடும் மருத்துவரைக் காண்கிறோம்.

எதிர்ப்பு வைதிகரிடமிருந்து மட்டும் வரவில்லை. தேவதாசியர் சங்கங்களும் முறையீடுகள் அளித்தன. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெருங்கலைஞர்கள், தங்கள் கலையும் சொத்துரிமையும் மதிப்பும் அழியும் என்று அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யானதன்று. ஆடலும் பாடலும் பின்னாளில் வேறு கைகளுக்குச் சென்றதை வரலாறு காட்டுகிறது. எனினும், தன் விருப்பம் இன்னதென்று சொல்லவும் அறியாத சிறுமியின் சார்பில் பேச எவருமில்லை என்பதே அம்மையாரின் நிலைப்பாடு. குழந்தை மணத் தடைக்கும் இதே அடிப்படையில் அவர் சபையில் ஆதரவு திரட்டினார்.

1930இல் பொட்டுக்கட்டுதலையே தடைசெய்யும் மசோதாவை அறிமுகப்படுத்தினார். அது பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. அவ்வேளையில் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது. மே மாதத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டார். அதனைக் கண்டித்து அம்மையார் பதவி விலகினார். பெற்ற குழந்தையைத் தெருவில் விட்டுச் செல்வது போன்றதே அம்முடிவு. மசோதாவை நடத்திச் செல்ல ஆளில்லை. பம்பாய் மாகாணம் 1934இல் சட்டம் இயற்றி முந்திக்கொண்டது. சென்னையோ ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1947இல்தான் தடைச்சட்டத்தைக் கண்டது. முதல் தீர்மானத்திற்கும் அதற்கும் இடைப்பட்டவை இருபது ஆண்டுகள்.

அதுவரை அம்மையார் கைகட்டி இருந்தாரல்லர். சபையை விட்டு வெளிவந்த காலத்தில் அடைக்கலம் தேடி வந்த சிறுமியர்க்கு விடுதிகள் இடம் மறுத்தன. அவர்களைத் தம் இல்லத்தில் ஏற்றார். அதிலிருந்தே ஔவை இல்லம் முளைத்தது. சட்டம் ஒரு கதவை மூடலாம். மற்றொரு கதவைத் திறக்க மனிதர் வேண்டும் என்பதை அவ்வில்லம் மெய்ப்பித்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் மற்றொரு நிலையத்திற்கு வித்திட்டது. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அங்கிருந்த படுக்கைகள் பன்னிரண்டே. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் மறைந்தார்.

தாம்பரத்திலிருந்து கிண்டி வழியாக அடையாறு செல்வோர் சர்தார் படேல் சாலையில் அந்நிலையத்தைக் கடந்து செல்கின்றனர். அம்மையார் சட்டசபையில் இருந்தது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவே. தாம் தொடங்கிய மசோதாவுக்கு அவர் அங்கிருந்து வாக்களிக்கவில்லை. வேறு கைகளே அதனை முடித்தன. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர இடமளிப்பதே மக்களாட்சியின் வலிமை. நெடுநாள் காக்க வைப்பது அதன் குறை. அந்த இருபது ஆண்டுகளில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியர்க்கு அச்சட்டம் காலங்கடந்தே வந்தது என்பதையும் அம்மையாரின் வரலாறு மறக்கவிடவில்லை.