பனி மூடும் முன்

குடகு நாட்டின் மடிக்கேரியில் 1906ஆம் ஆண்டு பிறந்தவர் கோதண்டேர சுப்பையா திம்மையா. நீலகிரியிலுள்ள குன்னூரிலும் பின்னர் பெங்களூருவிலும் பள்ளிக்கல்வி பெற்றார். இங்கிலாந்தின் சாண்டர்ஸ்ட் படைக்கல்லூரியில் பயின்று 1926இல் படை அதிகாரியானார். இரண்டாம் உலகப்போரில் பர்மாப் போர்முனையில் ஒரு பிரிகேடுக்குத் தலைமை தாங்கினார்.

அவர் திறனுக்குப் பெருஞ்சோதனை 1948இல் காஷ்மீரில் வந்தது. லடாக்கின் தலைநகரான லே பகைவரின் முற்றுகைக்கு அஞ்சி நின்றது. அங்கே முறையான விமானத்தளம் கிடையாது. சோனம் நோர்பு என்னும் பொறியாளர் மணற்பரப்பில் ஓடுபாதை ஒன்றை அமைத்திருந்தார். அதில் விமானம் இறங்குமா என்பது எவருக்கும் தெரியாது. மே 24ஆம் நாள் மெஹர் சிங் ஓட்டிச் சென்ற முதல் விமானத்தில் திம்மையாவும் அமர்ந்திருந்தார். வீரர்களை அனுப்பிவிட்டுச் செய்திக்குக் காத்திருப்பது அவர் இயல்பன்று.

விமானங்களால் மட்டும் நகரைக் காக்க இயலாது, தரைவழியும் திறக்கவேண்டும். அவ்வழியிலோ சுமார் 11,500 அடி உயரத்தில் சோஜி லா கணவாய் பகைவர் வசமிருந்தது. பாறைக் குகைகளிலிருந்து சுட்ட இயந்திரத் துப்பாக்கிகள் செப்டம்பரில் காலாட்படையின் தாக்குதல்களை முறியடித்தன. கடும்பனி வீழ்ந்தால் அடுத்த கோடைவரை வழி அடைபட்டுவிடும். லேயின் கதி என்னாகும்?

அத்தகைய உயரத்திற்கு டாங்கிகளை ஏற்றத் திம்மையா துணிந்தார். மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையினர் கோவேறு கழுதைகள் செல்லும் தடத்தைப் பகைவரின் குண்டுகளுக்கிடையே அகலப்படுத்தினர். தென்னாட்டு வீரர் நிறைந்த அப்படை உழைத்திராவிடில் டாங்கிகள் அடிவாரத்திலேயே நின்றிருக்கும். ஜம்முப் பகுதியிலிருந்து வந்த டாங்கிகளின் மேற்கூடுகளைக் கழற்றி, பார்ப்போர் அறியாவண்ணம் மூடிக் கொணர்ந்தனர். நவம்பர் 1ஆம் நாள், பனி பெய்துகொண்டிருக்க, அவை கணவாயில் ஏறின. முன்வரிசை டாங்கி ஒன்றில் திம்மையாவே சென்றார். திகைத்த பகைவர் பின்வாங்கினர். அன்றே கணவாய் மீட்கப்பட்டது. அம்மாதத்திலேயே கார்கிலும் மீண்டது.

பின்னர்க் கொரியப் போர்க்கைதிகளைப் பற்றிய நடுநிலை நாடுகள் ஆணையத்திற்குத் தலைவரானார். 1957இல் தரைப்படைத் தலைமைத் தளபதியானார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1959இல் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். பிரதமர் நேருவின் வேண்டுகோளை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார். 1961இல் ஓய்வு பெற்றார்.

ஆயினும் ஓய்வு நீடிக்கவில்லை. 1964இல் சைப்ரஸ் தீவில் ஐக்கிய நாடுகளின் அமைதிப்படைக்குத் தளபதியாகச் சென்றார். அப்பணியிலிருக்கும்போதே 1965 டிசம்பரில் மாரடைப்பால் மறைந்தார். மறு ஆண்டு சைப்ரஸ் அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.