வினையின் வேகம் அளந்தவர்

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1929-ஆம் ஆண்டு தோன்றியது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் வேதியியற் கூடங்களில், கரைசலில் நிகழும் வினைகளின் வேகத்தை மாணவர் பலர் அளந்து ஆராய்ந்துள்ளனர். வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியில் குடுவையை வைத்து, குறித்த நேரந்தோறும் சிறிதளவு கரைசலை எடுத்துச் சோதிப்பர். கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறு எவ்வழியே மாறுகின்றது என்பதற்கு இவ்வேகமே சான்றாகும். இம்முறையை ஓங்கச் செய்தவருள் தலையானவர் கிறிஸ்டோபர் இங்கோல்டு என்னும் ஆங்கில அறிஞர்.

இங்கோல்டு 1893-இல் இலண்டனிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். லீட்சு நகரில் பேராசிரியராயிருந்து, 1930-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வந்தார். அவர்தம் துணைவியார் ஹில்டாவும் வேதியியல் வல்லுநரே. வேல்சு நாட்டு உழவர் குடியிற் பிறந்த ஹியூசு என்னும் இளைஞர் இலண்டனில் அவருக்கு வலக்கையாக வாய்த்தார்.

புரோமின் கொண்ட கரிமப் பொருளோடு காரத்தைச் சேர்த்தால், புரோமின் நீங்கி ஆல்ககால் உண்டாகும். காரத்தின் செறிவை இருமடங்காக்கியபோது, சில பொருள்களில் வேகமும் இருமடங்காயிற்று. வேறு சிலவற்றில் வேகம் மாறவேயில்லை. ஏன்? ஆருத்திரா தரிசன நாளில் மக்கள் ஒருவர்பின் ஒருவராகக் குறுகிய வழியில் கோயிலுள் நுழைவதாகக் கொள்வோம். உள்ளே திருநீறு வழங்குவோரை இருமடங்காக்கினும், அதனைப் பெறுவோர் தொகை மிகுமோ? மிகாது, குறுகிய வழியன்றோ வேகத்தை வரையறுக்கின்றது! அவ்வாறே சில மூலக்கூறுகள் முதலில் மெல்லத் தாமே பிரிந்து புரோமினை விடுகின்றன. காரம் பின்னரே விரைந்து சேர்கின்றது. ஏனையவற்றில் காரம் பின்புறமாகத் தாக்க, அதே கணத்தில் புரோமின் விலகுகின்றது. கடலூர்க் கடற்காற்றில் குடை மடங்குவதுபோல மூலக்கூறும் மறுபுறம் திரும்பிவிடுகின்றது.

ஒரே வினைக்கு இரு வழிகளா என ஐயுற்றோர் பலர். புகழ்பெற்ற இராபின்சனோ, தம் கருத்துகளுக்குரிய பெருமை இங்கோல்டைச் சேர்ந்ததென இறுதிவரை மனங்கசந்தார். அக்கசப்பில் ஓரளவு நியாயமும் இருந்தது. இங்கோல்டு அளவைகளைக் கொண்டே மறுமொழி தந்தார். 1935-இல் ஹியூசு குழுவினர் கதிரியக்க அயோடினைக் கொண்டு, ஒவ்வொரு மாற்றத்திலும் மூலக்கூறு திரும்புவதை மெய்ப்பித்தனர். அவ்வாண்டே, பின்னாளில் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியராக விளங்கிய அனந்தகிருஷ்ணன், இங்கோல்டுடன் இணைந்து புரோமின் சேர்க்கை வினையின் வேகம்பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்.

1939-இல் போர் மூண்டது. ஆய்வுக்கூடம் வேல்சுக் கடற்கரையூராகிய அபரிஸ்டுவித்துக்குப் பெயர்ந்தது. ஆயினும் பணி ஓயவில்லை. 1953-இல் இங்கோல்டின் பெருநூல் வெளிவந்தது. 1963-இல் ஹியூசு மறைந்தார். இங்கோல்டு 1970-இல் காலமானார்.