விழாவின்றி நிறுவப்பட்ட சிலை

அயர்லாந்தின் தலைநகரமான டப்ளினில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் என்றொரு பூங்கா உண்டு. 1916-ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய ஐரிஷ் போராளிகள் குழி வெட்டிப் போரிட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. அதே பூங்காவில், அதே ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவச் சீருடையில் மாண்ட ஒருவரின் மார்பளவுச் சிலையும் இருக்கிறது. அவர்தாம் தோமஸ் கெட்டில். 36 ஆண்டுகளே வாழ்ந்த அவரை நாட்டுப்பற்றாளர் என்பதா, அந்நியருக்குத் துணைபோனவர் என்பதா? அவரைப் போன்றவர்களை எவ்வாறு நினைவுகூர்வது என்னும் வாதம் அயர்லாந்தில் நூறாண்டு கடந்தும் ஓயவில்லை.

கெட்டில் 1880-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் பிறந்தார். தந்தை ஆண்ட்ரூ கெட்டில் ஒரு விவசாயி. நிலக்கிழார்களின் கொடுமையை எதிர்த்து 1879-இல் உருவான நில உரிமைச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். விடுதலை உணர்வு மகனுக்கு வீட்டிலேயே ஊட்டப்பட்டது எனலாம். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்றபோது அங்குள்ள இலக்கிய வரலாற்று மன்றத்திற்குத் தலைமையேற்றார். புகழ்பெற்ற எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் அக்காலத்து நண்பர். மாணவர் மன்றத்தில் மேடையேறிப் பழகிய நாவே பின்னாளில் நாடாளுமன்றத்தில் முழங்கியது என்பது, மொழிக்கழகங்களில் இயங்கும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1906-இல் கிழக்குத் தைரோன் தொகுதியின் இடைத்தேர்தலில் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்று, ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சியின் சார்பில் இலண்டன் சென்றார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டும் என்பதே அக்கட்சியின் கோரிக்கை. பின்னர், தாம் படித்த கல்லூரியிலேயே பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். 1913-இல் டப்ளின் முதலாளிகள் ஆலைக் கதவுகளை அடைத்துத் தொழிலாளர்களைப் பட்டினி போட்டபோது, சமரசம் காண முயன்றவர்களில் அவரும் ஒருவர்.

அதே ஆண்டு இறுதியில் ஐரிஷ் தொண்டர் படை உருவானது. அதில் சேர்ந்த கெட்டில், படைக்குத் துப்பாக்கி வாங்குவதற்காக 1914-இல் பெல்ஜியம் சென்றார். அவர் அங்கிருந்த வேளையில்தான் முதலாம் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியப் படை அச்சிறிய நாட்டைச் சூறையாடியதை அவர் நேரில் கண்டு, இலண்டன் நாளிதழ் ஒன்றுக்குச் செய்தியாக எழுதினார். சிறிய நாடு ஒன்றை வல்லரசு மிதிக்கும்போது இன்னொரு சிறிய நாடு கைகட்டி நிற்கலாகாது என்பது அவர் கொண்ட முடிவு. ஐரோப்பிய நாகரிகத்தைக் காக்கும் போராகவே அவர் அதனைக் கருதினார். ஊர் திரும்பியதும் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து, மேடை மேடையாகப் பேசி ஆள் திரட்டினார். அந்நியனிடம் வாங்கும் துப்பாக்கியால் அந்நியனையே எதிர்க்க எண்ணியவர், அந்நியனின் சீருடையையே அணிந்துகொண்டார்!

1916 ஏப்ரல் 24-ஆம் நாள் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. அதில் கெட்டிலுக்கு உடன்பாடில்லை. ஆனால், அதை ஒடுக்கிய விதம் அவர் இதயத்தைப் பிளந்தது. அவருடைய மனைவி மேரியின் சகோதரி கணவரான பிரான்சிஸ் ஷீஹி ஸ்கெஃபிங்டன், வன்முறையை வெறுத்த அமைதிவாதி. கடைகள் சூறையாடப்படுவதைத் தடுக்க வீதியில் இறங்கியவரைப் பிரிட்டிஷ் படையினர் கைது செய்தனர். விசாரணை ஏதுமின்றி, ஏப்ரல் 26-ஆம் நாள் ஓர் இராணுவ அதிகாரியின் உத்தரவால் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மே 3-ஆம் நாள், கெட்டிலின் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த தோமஸ் மெக்டோனா எழுச்சித் தலைவர்களுள் ஒருவராக மரண தண்டனைக்கு உள்ளானார். தன் உறவினரையும் சக ஆசிரியரையும் கொன்ற இராணுவத்தின் உடை தன் மேனியில்! அந்நிலையில் ஒரு மனிதனுக்கு உறக்கம் வந்திருக்குமா?

எழுச்சியில் இறந்தவர்களை வரலாறு வீரர்களாகப் போற்றும், தன்னையோ, நினைத்தால், வெள்ளைக்காரப் படையின் ஓர் அதிகாரியாகத்தான் நினைக்கும் என்று அவர் அப்போதே உணர்ந்திருந்தார். எனினும், தன் பேச்சைக் கேட்டுப் படையில் சேர்ந்த இளைஞர்களைத் தனியே விடாமல் பிரான்சின் போர்முனைக்குச் சென்றார். அங்கிருந்து தன் மூன்று வயது மகள் பெட்டிக்கு ஒரு கவிதை எழுதினார். தந்தை ஏன் தன்னைவிட்டுப் போனார் என்று அவள் ஒருநாள் கேட்பாள் அல்லவா? அதற்கான பதில் அது. சில நாள்களில், 1916 செப்டம்பர் 9-ஆம் நாள், சோம் போர்க்களத்தின் ஜின்ஷி கிராமத்தருகே தன் வீரர்களை நடத்திச் சென்றபோது குண்டடிபட்டு மாண்டார். அவருக்கென்று கல்லறை இல்லை. தியப்வால் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் உள்ளது.

அப்போரில் சுமார் 2 லட்சம் ஐரிஷ்காரர்கள் பிரிட்டிஷ் படையில் பணியாற்றினர். 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பித் திரும்பியவர்கள் கண்டது மாறிப்போன நாட்டை. கெட்டிலின் சிலை தயாரான பின்னும், அதில் பொறிக்கவேண்டிய சொற்கள் குறித்துப் பொதுப்பணி ஆணையர்களோடு இழுபறி நீடித்தது. இறுதியில், 1937-இல் திறப்பு விழா ஏதுமின்றி அச்சிலை நிறுவப்பட்டது.

எதிர்த்தவர்களிடமும் நியாயம் இருந்ததை நான் மறுக்கவில்லை. 1920-இல் பிரிட்டிஷ் துணைப்படைகள் ஊர்களைக் கொளுத்தியதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். நவம்பர் 11-ஆம் நாள் பாப்பி மலரும் பிரிட்டிஷ் கொடியுமாக ஊர்வலம் போனால், அது துக்கமாகவா அவர்களுக்குத் தோன்றும்? பேரரசின் வெற்றி விழாவாகத்தானே தோன்றும்!

1998-இல் பெல்ஜியத்தின் மெசீன் நகரில் ஐரிஷ் வீரர்களுக்கான அமைதிக் கோபுரத்தை அயர்லாந்து அதிபரும் பிரிட்டிஷ் அரசியாரும் சேர்ந்து திறந்தனர். 2011-இல் டப்ளின் வந்த அதே அரசியார், விடுதலைக்கு உயிர் நீத்தோரின் பூங்காவிலும் உலகப் போரில் மாண்டோரின் பூங்காவிலும் மலர்வளையம் வைத்தார். ஆயினும், 2016-இல் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில், எழுச்சியில் மாண்ட போராளிகள், பொதுமக்கள், பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆகிய அனைவரின் பெயரையும் ஒரே சுவரில் பொறித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. சுவர் சேதப்படுத்தப்பட்டது; பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது.

தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசியப் பள்ளியிலும் வரலாறு படித்த காலத்தில், வீரர் ஒரு பக்கம், துரோகி மறுபக்கம் எனப் பிரித்தே மனனம் செய்து பழகியவன் நான். கெட்டிலை அந்த இரண்டு பக்கங்களில் எதிலும் என்னால் எழுத இயலவில்லை. பேரரசின் கொடியை வணங்க மறுப்பது ஒரு தேசத்தின் உரிமை. ஆனால், அக்கொடியின் கீழ் மாண்ட தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுவது தாயின் உரிமை. முன்னதைக் காப்பதற்காகப் பின்னதைப் பறிக்கவேண்டியதில்லை என்பதே என் கருத்து. விழா எடுக்காவிட்டாலும் டப்ளின் அச்சிலையைப் பூங்காவில் வைத்ததே! அந்த அளவு இடமாவது வரலாறு எல்லா மனிதர்க்கும் தரட்டும்.