வெடிக்குக் கிளிசரின் தந்த ஈஸ்ட்

2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பாறையைப் பிளந்தது வெடி. டைனமைட்டின் உயிர் நைட்ரோகிளிசரின். அதற்குக் கிளிசரின் வேண்டும். கிளிசரினோ, கொழுப்பில் சோப்பு காய்ச்சும்போது கிடைப்பது. கொழுப்பே கிடைக்காவிட்டால்?

முதல் உலகப்போரில் ஜெர்மனிக்கு அந்தக் கதி வந்தது. ஆங்கிலேயக் கப்பற்படை கடல் வழியை அடைத்துவிட்டது. அப்போது கைகொடுத்தது, ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்!

ஈஸ்டின் உள்ளே நடப்பதை ஆராய்ந்து சொன்னவர் கார்ல் நியூபெர்க். 1877-ம் ஆண்டு ஹனோவர் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் ஆராய்ச்சி செய்தார்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயம் ஆக்கும். அதற்கு முந்தைய படியில் அசிட்டால்டிகைடு என்ற பொருள் உண்டாகிறது. சல்பைட் உப்பைப் போட்டால் அது அந்தப் பொருளைப் பிடித்துக் கட்டிவிடும் என்று நியூபெர்க் காட்டினார். பாதை அடைபட்ட ஈஸ்ட், வேறு வழியில் திரும்பிக் கிளிசரினை உண்டாக்கும். கான்ஸ்டைன், லுடெக்கே என்ற இருவர் இந்த முறையைத் தொழிற்சாலையில் நடத்தினார்கள். மாதம் சுமார் 1,000 டன் கிளிசரின் வந்தது.

இன்று ஈஸ்டின் மரபணுவையே மாற்றிவிடுகிறார்கள். பெங்களூர் பயோகான் கம்பெனி 2004-ல் விற்பனைக்கு விட்ட இன்சுலின் அப்படி வந்ததுதான். அன்று அந்த வித்தை கிடையாது. உப்புதான் கருவி.

நாட்டுக்கு இவ்வளவு செய்தவருக்கு என்ன கிடைத்தது? ஹிட்லர் ஆட்சியில், யூதர் என்பதற்காக 1934-ல் ஆராய்ச்சிக்கூடத் தலைவர் பதவி பறிக்கப்பட்டது. 1939-ல், 62 வயதை நெருங்கும் நேரத்தில், நாட்டை விட்டே வெளியேறினார். 1941-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, அங்கும் ஆராய்ச்சியை விடவில்லை.

1956-ல் நியூயார்க்கில் காலமானார்.