ஹைதர் அலி நம்பிய பாதிரியார்

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சிற்றூர் பூதிக்கோட்டை. மைசூரை ஆண்ட ஹைதர் அலி அங்கேதான் பிறந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் மனிதர்களை எடைபோடுவதில் வல்லவர். ஆங்கிலேயரின் வாக்குறுதிகளில் நம்பிக்கை இழந்திருந்த அந்த முஸ்லிம் மன்னர், அவர்கள் தூதாக அனுப்பிய ஒரு கிறிஸ்தவப் போதகரிடம் மட்டும் நம்பிக்கை வைத்தார். அவரே, தமிழ் மக்கள் சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைத்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ்.

ஜெர்மானியரான அவர் 1726-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். உயர்கல்வி பயின்ற ஹாலே நகரம், லூத்தரன் சபையில் எழுந்த பக்தி மறுமலர்ச்சியின் உறைவிடமாக விளங்கியது. வறட்டு வாதத்தைவிட உள்ளத்தின் மாற்றமே அங்கு பெரிதாகப் போற்றப்பட்டது. தமிழகத்தில் பணியாற்றித் திரும்பியிருந்த சூல்ட்சேயிடம் அங்கேயே தமிழ் பயின்ற அவர், 1750-இல் தரங்கம்பாடி வந்தடைந்தார். அதன்பின் தாயகம் திரும்பவே இல்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை.

1762 முதல் திருச்சிராப்பள்ளி அவரது பணிக்களமாயிற்று. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்ட அந்நகரில் முஸ்லிம்கள் பலர் வாழ்ந்தனர். அவர்களோடு அவர்கள் மொழியிலேயே உரையாட விரும்பிய சுவார்ட்ஸ், பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் கற்றார். பிற்காலத்தில் தஞ்சை அரசவையினருக்காக மராத்தியும் கற்றார்.

அந்த உரையாடல் எளிதானதன்று. இறைவன் ஒருவனே, அவனுக்கு இணையில்லை, அவன் எவரையும் பெற்றவனுமல்லன், எவராலும் பெறப்பட்டவனுமல்லன் என்பது இஸ்லாத்தின் அடித்தளம். தந்தை, மகன், தூய ஆவி என்று கிறிஸ்தவர் கூறும்போது, ஒரே கடவுளை மூவராக்குகின்றனரோ என்ற ஐயம் முஸ்லிமுக்கு எழுவது இயல்பு. மகன் என்ற சொல் உடல்வழிப் பிறப்பைக் குறிப்பதன்று, மூன்று ஆட்களாயினும் இறைமையின் சாரம் ஒன்றே என்பது கிறிஸ்தவரின் விடை. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த யஹ்யா இப்னு அதீ என்ற கிறிஸ்தவத் தத்துவஞானி, அறிபவன், அறிவு, அறியப்படுவது ஆகியவற்றின் ஒருமையைக் கொண்டு இதை அரபு மொழியில் விளக்க முயன்றார். எனினும் இரு சமயங்களுக்கும் இடையிலுள்ள அந்த வேறுபாடு இன்றுவரை நீங்கவில்லை.

சுவார்ட்ஸுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அவர் கம்பெனிப் படையினருக்கும் சமயப் பணி ஆற்றினார். படைபலத்தோடு வந்தவர்களின் சமயத்தைச் சார்ந்த ஒருவர் அன்பைப் பற்றிப் பேசினால் யார் நம்புவர்? இக்கேள்விக்குச் சொற்களால் விடை கூற இயலாது. வாழ்க்கையால் மட்டுமே கூற இயலும்.

அதற்கான வேளை 1779-இல் வந்தது. ஆங்கிலேயர் மாஹேயைக் கைப்பற்றியதால் ஹைதர் கடுஞ்சினத்தில் இருந்தார். சமாதான நோக்கத்தை அவருக்கு உணர்த்தி வருமாறு சென்னை கவர்னர் தாமஸ் ரம்போல்ட் சுவார்ட்ஸைக் கேட்டுக்கொண்டார். போரைத் தடுக்க உதவலாம் என்று கருதிய சுவார்ட்ஸ், ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார். ஹைதர் அவரைத் தம் அருகில் அமர்த்திப் பேசினார். மைசூர்ப் படையிலிருந்த ஜெர்மானியர்களுக்காக அவர் வழிபாடு நடத்தியபோது யாரும் தடுக்கவில்லை. அரண்மனையில் பெரியோரும் எளியோரும் வந்து அவரது சமயத்தைப் பற்றி வினவினர். தம் கொள்கையை அவர் மறைக்கவுமில்லை, எவர்மீதும் திணிக்கவுமில்லை.

வழிச்செலவுக்கென ஹைதர் 300 ரூபாய் அளித்தார். திரும்பியதும் சுவார்ட்ஸ் அதைச் சென்னை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். அவரையே வைத்துக்கொள்ளுமாறு அரசு கூறியபோது, தஞ்சையில் ஏழைக் குழந்தைகளின் பள்ளிக்கு அதை மூலதனமாக்கினார்.

தூது பயனளிக்கவில்லை. 1780-இல் ஹைதரின் பெரும்படை கர்நாடகப் பகுதியில் பாய்ந்தது. பஞ்சம் சூழ்ந்தது. ஆனால் அந்தப் பாதிரியாருக்கு எவ்விதத் தடையும் செய்யாமல் செல்ல விடும்படி ஹைதர் தம் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டார். தஞ்சைக் கோட்டையில் மக்கள் பட்டினியால் மடிந்தபோது, முன்பு விலை கிடைக்காமல் ஏமாந்த உழவர்கள் அரசுக்குத் தானியம் தர மறுத்தனர். சுவார்ட்ஸ் வாக்களித்ததும் தானியத்தைக் கொண்டுவந்தனர். அவரும் சொன்னபடியே விலையைக் கொடுத்தார்.

ஹைதர் 1782-இல் மறைந்தார். மறு ஆண்டு மீண்டும் தூது புறப்பட்ட சுவார்ட்ஸை திப்புவின் ஆட்கள் வழியிலேயே திருப்பி அனுப்பினர். தஞ்சை மன்னர் துளஜாஜி தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை அவரது பாதுகாப்பில் விட்டுச் சென்றார். அரசுரிமை சரபோஜிக்குக் கிடைக்கச் சுவார்ட்ஸ் உழைத்தார். சரபோஜி அரியணை ஏறிய 1798-ஆம் ஆண்டிலேயே, பிப்ரவரி 13-ஆம் நாள் சுவார்ட்ஸ் தஞ்சையில் மறைந்தார்.

ஹைதர் இறுதிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். சரபோஜி இந்துவாகவே வாழ்ந்தார். ஆயினும் சரபோஜி தம் ஆசானுக்காக லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்குச் சிற்பம் ஒன்றைச் செய்வித்தார். மரணப் படுக்கையிலுள்ள முதியவரின் அருகே மன்னர் நிற்கும் அக்காட்சியைத் தஞ்சைக் கோட்டையிலுள்ள தேவாலயத்தில் இன்றும் காணலாம்.

தம் சமய உண்மையைப் பிறரிடம் எடுத்துரைக்க விரும்புவோர் எல்லாச் சமயங்களிலும் உண்டு. கேட்பவர் அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. ஆனால் சொல்பவர் நம்பத்தக்கவரா என்பது, அவர் கொடுத்த வாக்கை எப்படிக் காக்கிறார் என்பதில்தான் தெரிகிறது. இறைவனின் இயல்பைப் பற்றிய தம் கொள்கையை ஹைதரை ஏற்கச் செய்ய சுவார்ட்ஸால் இயலவில்லை. தம் வாய்மையை ஏற்கச் செய்ய அவரால் இயன்றது.