இராயக்கோட்டைக்கு வந்த புகைப்படக் கருவி

இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் புகைப்படத் தொகுப்பு ஒன்று 1858-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் இராயக்கோட்டை அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. படங்களை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். உலகப் புகைப்படக் கலை வரலாற்றை எழுதுவோர் தவறாமல் குறிப்பிடும் பெயர் அது. சேலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பவர்களையே நான் மிகுதியும் சந்தித்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் துறைமுக ஊரான டெவன்போர்ட்டில் 1822-இல் பிறந்தவர் டிரைப். பதின்ம வயதிலேயே கிழக்கிந்திய கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்றபோது புகைப்படக் கலையைக் கற்றார். 1853-இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். திரும்பி வந்ததும் 1854-இல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். மறு ஆண்டு பர்மிய மன்னர் மிண்டோனிடம் அனுப்பப்பட்ட தூதுக் குழுவுடன் அமரபுரம் வரை சென்று, இருநூறுக்கும் மேற்பட்ட படங்களுடன் திரும்பினார். அதன் பிறகே சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது.

1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரம் அது. மாட்டு வண்டிகளில் பெட்டி பெட்டியாகக் கருவிகளும் ரசாயனங்களும் காகிதமும் வந்தன. சேலம் மாவட்டம், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என நான்கரை மாதப் பயணத்துக்குப் பின் 1858 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார்.

அவருடைய முறையைச் சற்று விளக்குவது அவசியம். கண்ணாடித் தகட்டுக்குப் பதிலாக மெழுகூட்டிய காகிதத்தில் அவர் எதிர்மறைப் படிவத்தை எடுத்தார். கண்ணாடித் தகட்டைப் படமெடுக்கும் இடத்திலேயே ஈரத்தோடு தயாரிக்க வேண்டும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். வண்டிக் குலுக்கலில் உடையவும் உடையாது. ஆனால் ஒளியை உள்வாங்க அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் நடந்து போகிறவர் படத்தில் பதியமாட்டார். வானம் வெறும் வெண்மையாகப் போய்விடும் என்பதால், எதிர்மறையின் மீது மேகங்களைக் கையாலேயே தீட்டிவிடுவார் டிரைப். அந்த மேகங்கள் பொய். கீழே உள்ள கற்கள் மெய்.

இராயக்கோட்டைப் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த வெறுமையில்தான் நிற்கிறது. மலை இருக்கிறது, கோட்டை இருக்கிறது. ஊர் மக்கள் இல்லை. இதற்குத் தொழில்நுட்பம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1791-இல் மைசூர்ப் போரின்போது கம்பெனிப் படை கைப்பற்றிய கோட்டை அது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கம்பெனி வசமாயின. தன் படை வென்ற இடத்தை அந்தப் படையின் அதிகாரியே பதிவு செய்கிறார். அவரிடம் ராணுவப் பார்வை இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தும் அந்தப் பார்வையின் துல்லியம் இன்று நமக்குத்தான் பயன்படுகிறது. மதுரை திருமலை நாயக்கர் மகால் பழுதுபார்க்கப்படுவதற்கு முன் எந்த அளவு சிதைந்திருந்தது என்பதை அவர் படங்களில் காணலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுப் படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டுத் துறை என்று அரசில் ஒன்று தோன்றுவதற்கு முந்தைய காலம் அது.

இந்தப் பணி நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் செலவுக் கணக்கைப் பார்த்தார். கிளர்ச்சிக்குப் பின் கருவூலம் நெருக்கடியில் இருந்தது. புகைப்படம் அவருக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. பணியை முடித்துக்கொள்ளுமாறு உத்தரவு வந்தது. டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். பிற்காலத்தில் பர்மாவில் எடுத்த சில படங்களைத் தவிர அவர் கருவியை அதிகம் தொடவில்லை. 1902-இல் பிறந்த ஊரிலேயே காலமானார். கலைஞராகத் தழைக்க வேண்டிய ஒருவரை ஒரு சிக்கன உத்தரவு முடக்கியது என்றே நான் கருதுகிறேன். ஒரே ஆறுதல், அவரிடம் பயின்ற அய்யாசாமி என்ற தமிழர் பின்னர் சென்னைக் கைத்தொழிற்கலைப் பள்ளியில் புகைப்படக்காரராகத் தொடர்ந்தார். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

டிரைப்பின் படங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் காக்கப்படுகின்றன. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் அவருக்கெனக் கண்காட்சியே நடந்தது. நம் சமவெளியில் நாமக்கல் பாறைக் கோட்டையும் அதன் குடைவரைகளும், சங்ககிரி மலைக்கோட்டையின் மதில்களும் இருக்கின்றன. நாளை ஒரு மதில் சரிந்தாலோ, பழைய தூணுக்கு வண்ணம் பூசப்பட்டாலோ, முன்பு அது எப்படி இருந்தது என்று ஒப்பிட ஆண்டுவாரியான படப் பதிவு வேண்டும். இதற்கு இன்று மாட்டு வண்டியும் மெழுகுக் காகிதமும் தேவையில்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, நாள் குறித்து வைத்தால் போதும். தொல்லியல் துறையின் மேற்பார்வையில் கல்லூரி வரலாற்றுத் துறைகளே இதைச் செய்யலாம். இராயக்கோட்டைப் படங்களின் தரமான நகல்களை லண்டனிலிருந்து பெற்று, சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் ஒதுக்கி மாட்டுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.